பற்று ஒருவர் பெயரில், வரவு இன்னொருவர் பெயரில்

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் பைக்குக்கு, பெட்ரோல் ₹100 என்று வைத்தால், கிலோமீட்டருக்கு ₹2 ஆகிறது. பெட்ரோலே குடிக்காத பந்தய சைக்கிள் ஒன்று டயர், செயின், பிரேக் கட்டை வகையில் மட்டும் கிலோமீட்டருக்கு ₹2.85 தின்கிறது. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ ஒரு சைபர் தப்பாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். திரும்பப் போட்டேன். அதே விடைதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடிகாலை கிளம்பினால் இவர்களைப் பார்க்கலாம். ஒரே நிற ஜெர்சியில் ஐந்தாறு பேர், ஒருவர் சக்கரத்தை ஒருவர் முட்டிவிடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு, முட்டுக்காடு பக்கமாகப் பறந்து போவார்கள். வெள்ளிக்கிழமை வரை அலுவலகத்தில் எக்செல் தட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. சனி, ஞாயிறில் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ ஒரு பந்தயம் நடந்தால் பெயர் கொடுப்பார்கள்.

இப்படி ஆறு பேர் கொண்ட அணிக்கு ஓர் ஆண்டுப் பேரேடு எழுதிப் பார்ப்போம். ஆளுக்கு ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர். அதில் பந்தயம் 10, ஒவ்வொன்றும் 60 கிலோமீட்டர். விலைகளை முழு எண்ணாக வைத்திருக்கிறேன். கடைக்குக் கடை முன்பின் இருக்கும், கணக்கின் போக்கு மாறாது.

சைக்கிளை ₹1,20,000-க்கு வாங்கி, 5 ஆண்டு ஓட்டி, ₹40,000-க்கு விற்றால் ஆண்டுத் தேய்மானம் ₹16,000. ஹெல்மெட், ஷூ, க்ளீட் மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ₹6,000. இவை வாங்கும்போது வலிப்பவை, பிறகு மறந்துபோகும். மறக்கவிடாமல் வலிப்பது தேய்மானச் சாமான்தான். பின் டயர் 4,000 கிலோமீட்டர் தாங்கும், முன் டயர் அதைப்போல் இருமடங்கு. ஆக ஆண்டுக்கு மூன்று டயர், ஒன்று ₹3,000 வீதம் ₹9,000. செயின் இரண்டு, ₹5,000. மூன்று செயினுக்கு ஒரு காசெட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) என்ற கணக்கில் ஆண்டுப் பங்கு ₹3,300. ட்யூபும் பஞ்சர் ஒட்டும் ₹2,000. பிரேக் கட்டை, கேபிள், எண்ணெய் ₹3,500. கூட்டினால் ₹22,800. 8,000-ஆல் வகுத்தால் மேலே சொன்ன ₹2.85 வருகிறது.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. ‘செயின் நீண்டுபோச்சு’ என்று மெக்கானிக் சொல்வார். இரும்பு இழுபட்டு நீளவில்லை; கண்ணிகளைக் கோக்கும் பின்கள் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. 10 அங்குல நீளத்துக்கு 1.27 மில்லிமீட்டர் கூடினால், அதாவது அரை சதவீதம், 11 பல்சக்கரம் கொண்ட வண்டியில் செயினை மாற்றிவிட வேண்டும். ‘இன்னும் ரெண்டு மாசம் ஓடட்டும்’ என்று ₹2,500-ஐத் தள்ளிப்போட்டால், தேய்ந்த செயின் ₹5,000 காசெட்டின் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். கடற்கரைச் சாலையில் மணலும் உப்புக் காற்றும் இந்த வேலையை இன்னும் வேகமாக முடிக்கின்றன.

வருஷாந்திர சர்வீஸ் ₹4,000. ஜெர்சியும் பிப் ஷார்ட்ஸும் ₹9,500. பந்தய நுழைவுக் கட்டணம் ₹1,200 வீதம் 10-க்கு ₹12,000. வெளியூர்ப் பந்தயம் நாலு: பெங்களூரு இரண்டு, கோவை இரண்டு. சைக்கிள்களோடு ஆறு பேரை ஏற்றும் டெம்போ டிராவலருக்கு வாடகை, டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து பெங்களூருக்கு ₹18,000, கோவைக்கு ₹26,000. நாலு பயணத்துக்கு ₹88,000. தலைக்கு ஏறக்குறைய ₹14,700. தங்குமிடம் ₹4,000.

மொத்தம் தலைக்கு ₹89,000. அணிக்கு ₹5,34,000.

பந்தயத்தில் சராசரி வேகம் 38 கிலோமீட்டர் என்றால் 60 கிலோமீட்டருக்கு 95 நிமிடம். பத்துப் பந்தயத்துக்கும் சேர்த்து 16 மணி நேரம்கூட முழுதாக வராது. ஒரு மணி நேரப் பந்தயத்தின் விலை ₹5,600. மீதி 270 மணி நேரம் பயிற்சி. அதை எந்த நேரப் பட்டியலும் காட்டாது, எந்தக் கேமராவும் படம் பிடிக்காது.

அரசாங்கம் இந்தப் பேரேட்டில் இரண்டு இடத்தில் கை வைத்திருக்கிறது. 2023 பட்ஜெட்டில் இறக்குமதி சைக்கிளின் சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 35 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் ₹1,00,000 விலையுள்ள வண்டிக்கு ₹7,000 மிச்சம். இரண்டு நல்ல டயர் வாங்கிய பிறகும் ஆயிரம் கையில் நிற்கும்.

அந்த ஆயிரமும் நிற்காது. எடை குறைக்கும் ஆசை ஒன்று இருக்கிறது. உலக சைக்கிள் சங்கமான யுசிஐ 2000-ஆம் ஆண்டில் பந்தய சைக்கிளின் குறைந்தபட்ச எடையை 6.8 கிலோ என்று வரையறுத்தது. தொழில்முறை வீரர்கள் அதற்குக் கீழே போக முடியாது. சம்பளம் வாங்காத நம் ஆள் 8 கிலோ சைக்கிளை 7 கிலோவாக்க ஒரு லட்சம் செலவழிக்கிறார். அது என்ன தருகிறது என்று பார்ப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோ குறைந்தால் மிச்சமாகும் திறன் 0.54 வாட். அரை வாட்! வாட்டுக்கு ₹1,85,000 விழுகிறது. இதே வேகத்தில் சாதாரண டயரைக் கழற்றி நல்ல டயர் மாட்டினால், உருளும் தடை எண் 0.006-லிருந்து 0.004-க்கு இறங்கி, 17 வாட் மிச்சம். ஒரு ஜோடிக்குக் கூடுதல் செலவு ₹4,000, வாட்டுக்கு ₹235. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர் எடையைப் பேசட்டும். அங்கே அரை மணி ஏற்றத்துக்கு ஒரு கிலோ 22 விநாடி தரும். கடற்கரைச் சாலைக்காரர் பேசுவதில் பொருளில்லை. ஆனாலும் அவர்தான் அதிகம் பேசுகிறார்.

இனி ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத வாட். 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் காற்றைக் கிழித்துப் போகிறவருக்குத் தேவை ஏறத்தாழ 307 வாட். அதில் 255 வாட் காற்றுக்கே போகிறது. அவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்குக் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்; 216 வாட் போதும். கூட்டம் பெரிதானால் லாபமும் பெரிது. ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் பெர்ட் புளோக்கன் குழு 2018-இல் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்தது. நடுவிலிருந்து பின்பக்கம் வரை புதைந்திருப்பவருக்குத் தனியாகப் போனால் இருக்கும் தடையில் 5 முதல் 10 சதவீதமே மிஞ்சுகிறது என்று கண்டது.

இலவசம் என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. அந்த வேகத்தில் விநாடிக்கு 11 மீட்டர். நாய் குறுக்கே வந்ததைக் கண் பார்த்து விரல் பிரேக்கைத் தொடக் கால் விநாடி ஆனாலும் சுமார் 2.8 மீட்டர் ஓடிவிடும். முன்சக்கரத்துக்கும் முந்தையவர் பின்சக்கரத்துக்கும் இடையே இருப்பது அரை மீட்டர்.

உடம்புக் கணக்குக்கு வருவோம். கூட்டத்துக்குள் சராசரி 200 வாட் மிதித்தால் 95 நிமிடத்தில் 1,140 கிலோஜூல் வேலை. தசை நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வேலையாக்கும், மீதியைச் சூடாக்கிவிடும். அதனால் வசதியாக ஒரு கிலோஜூல் வேலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். இட்லிக்கு 50 கிலோகலோரி போட்டால், ஒரு பந்தயம் 23 இட்லி. ஆண்டுப் பயிற்சியைச் சராசரி 140 வாட் என்று கணக்கிட்டால் 2,720 இட்லி, வாரத்துக்கு 52. பேரேட்டில் இந்த வரி காணோம் என்று யாராவது கேட்கலாம். அது வீட்டு மாவு டப்பாவின் கணக்கில் இருக்கிறது, ₹89,000-ல் சேரவில்லை.

ஓடும்போது தின்பது தனி. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்றால் 95 நிமிடத்துக்கு 95 கிராம். 25 கிராம் உள்ள ஜெல் பாக்கெட் ₹120 என்றால் நாலுக்கு ₹480. ஜெல் கம்பெனிகள் குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் கலந்து தருவதைப் பெருமையாக அச்சடிக்கின்றன. மளிகைக் கடைச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்தான். கிலோ ₹45 விலையில் 95 கிராம் ₹4.30. ஒரு சிட்டிகை உப்பும் அரை எலுமிச்சையும் சேர்த்தால் பத்து ரூபாய்க்குள் முடியும்.

200 வாட் மிதிக்கிறவரின் உடம்பில் சுமார் 670 வாட் வெப்பம் எழுகிறது. வீட்டு மிக்சியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் கிட்டத்தட்ட இதுதான். இந்த வெப்பத்தை வெளியேற்ற மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியானால்தான் கணக்கு. சென்னைப் புழுக்கத்தில் பாதி ஆவியாகாமல் முழங்கையில் சொட்டி ரோட்டில் விழும், அது வீண். சைக்கிளில் மாட்டும் 750 மில்லி பாட்டில் இரண்டும் சேர்ந்து ஒன்றரை லிட்டர். பந்தயம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். காலை 6 மணிக்கே கொடி அசைக்கச் சொல்லி ஓட்டுகிறவர்கள் நச்சரிப்பதன் காரணம் இந்த ஒன்றரை லிட்டர்தான்.

இதுவரை எழுதியதெல்லாம் ஆளாளுக்குச் சமம். பந்தயத்தின் கடைசி 20 கிலோமீட்டரில்தான் பேரேடு கோணுகிறது.

நல்ல பயிற்சியுள்ள ஓர் அமெச்சூர் வெகுநேரம் தாங்கக்கூடிய திறன் 260 வாட் என்று வைப்போம். அதற்கு மேல் மிதித்தால் ஒரு கையிருப்பிலிருந்து எடுக்க வேண்டும். அந்தக் கையிருப்பு 20 கிலோஜூல் அளவுதான். தீர்ந்தால் கால் நின்றுவிடும். மூன்று பேர் முன்னால் பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டார்கள், துரத்திப் பிடிக்க வேண்டும். நம் ஆறு பேரில் ஒருவர் காற்றை வாங்கிக்கொண்டு 307 வாட் மிதிக்கிறார். விநாடிக்கு 47 ஜூல் கையிருப்பிலிருந்து போகிறது. 20,000-ஐ 47-ஆல் வகுத்தால் 425 விநாடி, ஏழு நிமிடம். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 4.7 கிலோமீட்டர். ஆக ஓர் ஆளின் விலை 4.7 கிலோமீட்டர். ஏழு நிமிடம் முடிந்ததும் அவர் ஓரமாக விலகி, தலையைத் தொங்கப்போட்டு, கூட்டத்தின் வாலையும் விட்டுவிடுவார். அடுத்தவர் முன்னால் வருவார். நாலு பேர், கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர்.

ஐந்தாமவர் கடைசி 500 மீட்டருக்கு வேகம் ஏற்றிக் கொடுப்பார். ஆறாமவர் இவ்வளவு நேரமும் நிழலில் 216 வாட்டில் இருந்தவர். 200 மீட்டர் இருக்கும்போது வெளியே பாய்ந்து 12 விநாடிக்கு 900 வாட். கையிருப்பில் 7.7 கிலோஜூல் செலவு. நாலு பேர் ஆளுக்கு 20 கிலோஜூல், மொத்தம் 80 கிலோஜூல் கொட்டினார்கள். எதற்காக? ஒருவர் 7.7 கிலோஜூலைச் சரியான இடத்தில் செலவழிக்க. 80 கிலோஜூலை இட்லியாக்கினால் இரண்டுகூட வராது.

இப்படி இன்னொருவருக்காகக் கொட்டுகிறவரை ஐரோப்பியர் ‘டொமெஸ்டிக்’ என்பார்கள். டூர் டி பிரான்ஸை நடத்திய ஹென்றி தெக்ராஞ்ச் 1911-இல் மோரிஸ் ப்ரொக்கோ என்ற வீரரை ஏசுவதற்காகப் பிடித்துப் போட்ட சொல். நம் ஊர்ச் சொல் எடுபிடி. அங்கே ஏச்சு பிறகு பதவியாகிவிட்டது. எடுபிடிக்குச் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. நம் நாலு பேர் எடுபிடியாக இருப்பதற்கே ஆளுக்கு ₹89,000 கட்டுகிறார்கள். முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயர் மூன்றாம் பக்கத்தில், சில சமயம் ‘முடிக்கவில்லை’ என்ற பத்தியில் இருக்கும். நான்கு பேர் ஓடும் டிராக் அணிப் பந்தயத்தில் மூன்றாமவரின் சக்கரம் கோட்டைத் தொடும் நேரத்தையே அணியின் நேரமாக எழுதுகிறார்கள். சாலைப் பந்தயத்துக்கு அந்த நாகரிகம் கிடையாது. முதல் சக்கரம் யாருடையதோ, பெயர் அவருடையது.

பரிசுக் கணக்கோடு பேரேட்டை மூடலாம். முதல் பரிசு ₹10,000. பத்துப் பந்தயத்தையும் நம் ஆளே ஜெயித்து, ஆறாகப் பங்கிட்டாலும் தலைக்கு ₹16,667. ₹72,333 கையிலிருந்து போட வேண்டும். அப்படி யாரும் ஜெயிப்பதில்லை. ஒன்றே ஒன்று ஜெயித்ததாக வைப்போம், அதுவும் உள்ளூரில். ஆறு பேரின் நுழைவுக் கட்டணம் ₹7,200 போக மிச்சம் ₹2,800. துரத்திப் பிடித்த நாலு பேரில் இரண்டாமவரின் பின் டயரைக் கோவளம் பக்கத்தில் கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது. புது டயர் ₹3,000.

₹200 துண்டு விழுகிறது. அணி இன்னும் டிபன் சாப்பிடவில்லை.