பாரமும் தேர்வும்

மலைநாட்டில் வாழ்பவர்க்குப் பாரம் இன்னதென்று நூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை. சமவெளியில் நடப்பவன் தன் சுமையைச் சற்று நேரம் மறந்திருக்கலாம். ஏற்றத்தில் நடப்பவனுக்கு அது இயலாது. கூடைக் கயிறு நெற்றியில் அழுந்தும்போதே கொழுந்தின் நிறை பெண்ணின் கழுத்துக்குத் தெரிந்துவிடுகிறது. தராசு அதைப் பின்னர்தான் சொல்லுகிறது. பால் வாளியுடன் இறப்பர் மலையில் இறங்குபவருக்கும் அவ்வாறே. சப்ரகமுவைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாக நம்மவர் கற்ற பௌதிகவியல் இதுதான்.

இதே பௌதிகவியலை ஆதாரமாகக் கொண்டு இங்கிலாந்தில் ஒரு மோட்டார் வண்டி பிறந்தது. லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த கொலின் சப்மன் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்றவர். ஒரு பாலத்தில் எந்தச் சட்டம் பாரத்தைத் தாங்குகிறது, எது வெறுமனே நிற்கிறது என்று கணக்கிடும் கண்ணால் அவர் மோட்டார் வண்டியையும் நோக்கினார். 1957ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘லோட்டஸ் செவன்’ என்னும் வண்டியில் உருக்குக் குழாய்களாலான சட்டகம், அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, முன்னே ஒரு சிறு இயந்திரம், பின்னே இரண்டு ஆசனங்கள் ஆகியவற்றுக்கு மேல் அதிகமாக ஒன்றும் இல்லை. வலிய இயந்திரம் நேர்ச்சாலையில் மாத்திரம் விரைவைத் தரும். இலேசான உடலோ ஏற்றத்திலும், திருப்பத்திலும், நிறுத்தும்போதும் துணை நிற்கும் என்பதே அவர் கொண்ட கொள்கை.

அந்நாளில் பிரித்தானியாவில் முழுமையாகப் பூட்டிய வண்டிக்குக் கொள்வனவு வரி உண்டு. உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டிக் கொள்வோருக்கு அவ்வரி இல்லை. ஆகவே செவன் பெரும்பாலும் பெட்டிகளில் உறுப்புகளாகவே வீடு சென்றது. 1973ஆம் ஆண்டு அதன் உரிமை கிரஹாம் நேர்ன் என்பவரின் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்நிறுவனம் அதே வடிவத்தை இன்றுவரை பேணி வருகிறது. உறுப்புகளாக வாங்கிப் பூட்டும் வழக்கமும் தொடர்ந்து வந்திருக்கிறது.

இவ்வண்டிகளுள் சில, எண்ணிக்கையை முன்னரே வரையறுத்துக் கட்டப்பட்டவை. செவன் தோன்றி அறுபதாண்டு நிறைவதையொட்டி 2016இல் ‘ஸ்பிரின்ட்’ என்ற பெயரில் அறுபது வண்டிகளே விற்பனைக்கு வந்தன. ஒரு வாரத்துக்குள் யாவும் விலைபோயின. மறு ஆண்டு ‘சூப்பர் ஸ்பிரின்ட்’ என மீண்டும் அறுபது வந்தன. ஏழு மணி நேரத்தில் அவையும் முடிந்தன. ஏழு மணி நேரத்தில் அறுபது பேர் ஆய்ந்து தேர்ந்தார்களா, அன்றி ‘அறுபதே’ என்ற சொல் அவர்களை விரட்டியதா என்று எனக்கு ஓர் ஐயம். அருமை என்பதும் ஒரு பாரமே. அது தராசில் தெரியாது. மனத்தில் ஏறி அமர்ந்துவிடும்.

இவற்றின் இயந்திரத்தை நம் வாசகர் அறிந்தால் வியப்பர். அது ஜப்பானின் சுசுகி நிறுவனத்தின் 660 கன சென்ரிமீற்றர் கொண்ட மூன்று உருளை இயந்திரம். ஜப்பானியச் சிறு வண்டிகளுக்கு அந்நாட்டுச் சட்டம் விதித்த எல்லை அது. இரத்தினபுரி பஸ் நிலையத்தருகே வரிசையாக நிற்கும் வேகன் ஆர் வண்டிகளுக்குள் இருப்பதும் 660 கன சென்ரிமீற்றர் இயந்திரமே. வேகன் ஆர் ஏறத்தாழ 800 கிலோ நிறையுடையது. 2021இல் வெளிவந்த ‘செவன் 170’ என்ற வண்டியோ 440 கிலோதான். சுழல்விசிறியின் உதவியால் அதன் இயந்திரம் 84 குதிரைவலுவைத் தருகிறது.

இத்தனையும் நான் தேடிக் கற்றதற்குக் காரணம் ஒரு கடிதம். நான் வண்டி ஓட்டத் தெரிந்தவனல்லன். தோட்டப் பாடசாலையொன்றில் பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன். என்னிடம் படித்து, பின்னர் பொறியியலாளனாகி இங்கிலாந்தில் தொழில் புரியும் மாணவன் ஒருவன், இந்த வண்டியை வாங்க எண்ணி, நிறுவனத்தார் கொடுத்த விருப்பத் தேர்வுப் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தான். “சேர், பாரத்தைப் பற்றி எனக்கு முதலில் சொல்லித் தந்தவர் நீங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று நீங்களே சொல்லுங்கள்” என்பது அவன் வேண்டுகோள். அவனுடைய பாட்டனார் காவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரையின் காருக்குச் சாரதியாக இருந்தவர்.

கடிதம் வந்தது 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில். நாட்டில் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசை நின்ற காலம். ஜூலை மாதத்திற்குப் பின்னர் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். அத்தகைய நாளில் விளையாட்டு வண்டியின் அலங்காரங்களைப் பற்றி ஆராய்வது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. ஆயினும் பட்டியலைப் படிக்கப் படிக்க, இது அலங்காரத்தைப் பற்றிய வினாவன்று என்பது புலனாயிற்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1,500 கிலோ வண்டியில் 25 கிலோவைக் கூட்டினால் நூற்றுக்கு இரண்டு கூட ஆகாது. 440 கிலோ வண்டியில் 70 கிலோ சாரதியும் அமர்ந்த பின் அதே 25 கிலோ ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து ஆகிறது. அதனை நூறு மீற்றர் உயரத்துக்கு ஏற்ற 24,500 யூல் வேலை செய்ய வேண்டும். இறங்கும்போது அவ்வளவும் பிறேக்கில் வெப்பமாகக் கழிய வேண்டும். இறக்குவானையிலிருந்து சூரியகந்தைக்குச் செல்லும் புலுத்தொட்டைக் கணவாயில் பத்துக் கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவ்வழியே துரையை ஏற்றிச் சென்ற அந்தப் பாட்டனார், “ஏறயில வண்டி சும்மா இருக்கும், எறங்கயிலதான் கணக்குக் கேக்கும்” என்பாராம். பேரன் எழுதியிருந்தான்.

பட்டியலில் இருந்தவற்றை நான் மூன்றாகப் பிரித்தேன்: தொழில் செய்யும் பாரம், காவல் செய்யும் பாரம், காட்சிக்கு நிற்கும் பாரம்.

பின்னச்சில் வைக்கும் வழுக்குக்கட்டு டிபரன்சல் முதல் வகையைச் சேர்ந்தது. வளைவில் திரும்பும் வண்டியின் உட்சக்கரம் குறைந்த தூரமும், வெளிச்சக்கரம் கூடிய தூரமும் ஓட வேண்டும். சாதாரண டிபரன்சல் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கூர்மையான ஏற்ற வளைவில் உட்சக்கரம் பிடிமானம் இழந்தால், இயந்திரத்தின் வலுவெல்லாம் அந்தச் சக்கரம் வீணாய்ச் சுழல்வதிலேயே கழிந்துவிடும். வழுக்குக்கட்டு அதனைத் தடுத்து, நிலத்தைப் பற்றியிருக்கும் சக்கரத்துக்கு வலுவைக் கொடுக்கிறது. சில கிலோ கூடினும் அது தன் கூலியை உழைத்துத் தருகிறது. எடுத்துக்கொள் என்று எழுதினேன்.

கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பியும் நல்ல ஆசனப் பட்டியும் இரண்டாம் வகை. இவ்வண்டியில் விபத்தின்போது விரியும் காற்றுப்பைகள் இல்லை. ஆகவே கம்பி எவ்வளவு கனத்தாலும் கேள்வியில்லை. குளிர்நாட்டுக் கண்ணாடியில் படியும் ஆவியை அகற்றும் வெப்பமூட்டியையும் இவ்வகையிலேயே சேர்த்தேன். கண் தெரியாத விரைவால் பயனென்ன?

மூன்றாம் வகையை விலக்குவதில் எனக்குத் தயக்கமே எழவில்லை. மினுக்கும் வண்ணப்பூச்சு ஒன்று. அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்கிக் காத்துக் கொள்வது; அதனை வெறுமையாகவே விடலாம். கரிநார்த் தகடுகள் மற்றொன்று. அவை உண்மையிலேயே இலேசானவை. ஆயினும் சில கிலோவைக் குறைக்கப் பெருந்தொகை கேட்பவை. அந்தத் தொகையைச் சம்பாதிக்கும் மணித்தியாலங்களும் பாரக் கணக்கில் சேரும் அல்லவா? பூட்டிய வண்டியாக வாங்காமல் உறுப்புகளாக வாங்கும்படியும் சொன்னேன். பாட்டனார் நாற்பது ஆண்டு துடைத்தும் ஓட்டியும் வந்த வண்டியின் ஓர் ஆணி கூட அவருடையதாக இருந்ததில்லை. பேரனாவது ஒவ்வோர் ஆணியையும் தன் கையால் முடுக்கட்டும்.

இங்கே நின்றிருந்தால் இது வெறும் கணக்காக முடிந்திருக்கும். எஞ்சியவை இரண்டே: மழைக்கு விரிக்கும் துணிக்கூரையும் பக்கக் கதவுகளும் வேண்டுமா? இரண்டாவது ஆசனம் வேண்டுமா? வீதிக்கென்று அமைந்த ‘எஸ்’ வகையில் கூரை, கதவு, தோல் ஆசனம் ஆகியவை உண்டு. பந்தயத் திடலை நோக்கிய ‘ஆர்’ வகை இலேசான ஆசனங்களும் இறுகிய தொங்கமைப்பும் உடையது. முன்கண்ணாடியையே அகற்றிச் சிறு காற்றுத் தடுப்பான் மாத்திரம் வைப்போரும் உண்டு. என் மாணவனின் மனம் அந்தக் கடைசி எல்லையில் நின்றது. கூரை வேண்டாம், கதவு வேண்டாம், பக்கத்து ஆசனமும் வேண்டாம். அவ்விடத்தை மூடிவிடலாம் என்றிருந்தான். பௌதிகவியல் அவன் பக்கமே இருந்தது.

ஆனால் கடிதத்தின் கீழே, தொலைபேசியில் தன் தாயார் சொன்னதை வேடிக்கைபோல் எழுதியிருந்தான். “ஏன்டா தம்பி, இம்புட்டுக் காசு குடுத்துக் கூரையும் கதவும் இல்லாத வண்டியா வாங்கப் போற? நாங்க லொறியில நனைஞ்சது பத்தாதா?”

அவனுக்கு அது தாயின் அறியாமையாகப் பட்டது. எனக்கு அவ்வாறு படவில்லை. 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டங்களில் வன்செயல் பரவியபோது, லயன்கள் எரிந்தன; காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலிருந்து மக்கள் ஓடினார்கள். வவுனியாவை நோக்கிச் சென்ற குடும்பங்கள் பல. அந்தத் தாயார் அப்போது எட்டு வயதுச் சிறுமி. படங்கும் இல்லாத லொறியில் மழையோடு சென்றவர். அவருடைய குடும்பத்துக்கும் அன்று ஒரு பட்டியல் இருந்தது: எதை எடுப்பது, எதை விடுவது? அம்மிக் கல்லை விட்டார்கள், ஆட்டை விட்டார்கள், பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிகளை விட்டார்கள். அதற்கு முன்னர், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தலைமன்னாரில் கப்பலேறியோரும் அதே கேள்வியை மூட்டை கட்டும்போது கேட்டவர்களே. நம்மவர் இலேசாகப் பயணம் செய்யப் பழகியவர்கள். அந்த இலேசை அவர்கள் தேர்ந்தெடுத்ததில்லை.

இலேசு என்பது ஓர் அழகு என்று சப்மன் காட்டினார். நான் அதனை மறுக்கவில்லை. தேவையற்றதை நீக்கிய பின் எஞ்சும் வடிவம் நல்ல வெண்பாவைப் போல் இறுக்கமானது. ஆனால் ஒன்றை விட்டுவிடுவது கலையாவதற்கு, அதை வைத்துக் கொள்ளும் உரிமை முதலில் இருக்க வேண்டும். பறிக்கப்பட்டவளின் வெறுங்கையையும், துறந்தவனின் வெறுங்கையையும் ஒரே தராசில் நிறுத்தால் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். தராசின் குறை அது. கூரை இல்லாத வண்டியில் மகனுக்குக் காற்று இனிக்கிறது. தாய்க்கு மழை நினைவு வருகிறது. இரண்டும் மெய்.

ஆகவே மாணவனுக்கு இவ்வாறு எழுதினேன்: “உன் கணக்கு சரி. கூரையும் கதவும் பக்கத்து ஆசனமும் சேர்ந்தால் வண்டி மெதுவாகும். எவ்வளவு மெதுவாகும் என்பதை நீயே கணக்கிட்டு அறிவாய். ஆனால் கூரை கழற்றக்கூடியது. நல்ல வெயிலில் வீட்டில் விட்டுச் செல். ஆசனத்தைப் பற்றி மாத்திரம் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் பாட்டனார் நாற்பது ஆண்டு துரையின் காரை ஓட்டினார். அந்தக் காரில் அவருக்குப் பக்கத்தில் உன் பாட்டி ஒருநாளாவது அமர்ந்து சென்றதுண்டா? விசாரித்து எழுது.”

இரண்டு மாதம் கழித்து மறுமொழி வந்தது. விசாரித்தானாம்; அமர்ந்ததில்லையாம். வளைகம்பி, வழுக்குக்கட்டு, வெப்பமூட்டி, துணிக்கூரை, கதவுகள், இரண்டு ஆசனங்கள் என்று முடிவு செய்திருந்தான். வண்ணப்பூச்சும் கரிநாரும் இல்லை. உறுப்புகளாகவே பெற்றுத் தானே பூட்டுவதாகவும் சொல்லியிருந்தான். மொத்த நிறையையும் கணக்கிட்டுக் கீழே கோடிட்டிருந்தான். பாடசாலையில் விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போடும் பழக்கம் அவனை இன்னும் விடவில்லை.

தேர்வு என்பதை நம் இலக்கிய வட்டங்களிலும் நாள்தோறும் பேசுகிறோம்: எச்சொல்லை வைப்பது, எதை நீக்குவது என்று. சுருக்கமே சிறப்பு என்று மாணவருக்கு நானும் கற்பித்ததுண்டு. இன்றும் அதையே கற்பிப்பேன். அதனோடு ஒரு வினாவைச் சேர்த்துக் கொள்கிறேன்: நீக்கப்படும் பாரம் யாருடைய இடம்? பொருளைத் தயங்காமல் இறக்கி வைக்கலாம். ஆள் அமரும் இடத்தை இறக்கி வைக்குமுன், அந்த இடத்துக்காக வெகுகாலம் காத்திருந்தவர் எவரேனும் உண்டோ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று.