புருவத்துக்கு மருதாணி – சில எச்சரிக்கைகள்

மருதாணி என்றதும் நம்மில் பலருக்கு ஊரின் கொல்லைப்புறமும் அம்மியும்தான் நினைவுக்கு வரும். இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் சிறிது புளியும் சேர்த்து மைய அரைத்து, இரவு படுக்கும் முன் விரல்களுக்குத் தொப்பி போட்டு, உள்ளங்கையில் வட்டமாக அப்பிவிடுவார்கள். காலையில் யாருக்கு நன்றாகச் சிவந்திருக்கிறது என்று பார்ப்பதில் வீட்டுக்குள் ஒரு போட்டியே நடக்கும்.

தலைநகருக்கு வந்த பின் அதே மருதாணி 'மெஹந்தி' ஆகிவிட்டது. கர்வா சௌத் சமயத்தில் கனாட் பிளேஸ் அனுமன் கோயில் பக்கம் போனால், கூம்பும் கையுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் கண்மூடித் திறப்பதற்குள் கையில் மாங்காயும் மயிலும் வரைந்துவிடுவார்கள். இப்போது கையிலிருந்து மருதாணி புருவத்துக்கும் ஏறிவிட்டது. நூல் கொண்டு புருவத்தைச் சீர் செய்யும் அழகு நிலையங்களிலேயே, 'புருவத்துக்கு மெஹந்தி போட்டுவிடட்டுமா? ஒரு மாதம் மை தீட்ட வேண்டாம்' என்று கேட்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் வசிக்கும் மாமி ஒருவர் அப்படிச் சம்மதித்தார். பெண்ணின் கல்யாணத்துக்கு மூன்று நாட்கள் இருந்தன. புருவத்தில் நரை தெரிகிறது என்று கறுப்பு மெஹந்தி வைத்துக்கொண்டு வந்தார். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை அரிப்பு. அதற்கு அடுத்த நாள் காலையில் இரண்டு கண்களும் திறக்க முடியாதபடி வீங்கி, புருவத்திலிருந்து நீர் வடிந்தது. கல்யாணப் புகைப்படங்களில் மாமி கறுப்புக் கண்ணாடியோடுதான் இருக்கிறார். 'மருதாணி இயற்கைதானே? ஐம்பது வருஷமாகக் கையில் வைத்துக்கொள்கிறேன். அது எப்படிக் கண்ணைக் கெடுக்கும்?' என்று அவர் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை நம் சகோதரிகள் அனைவரும் தெரிந்துகொள்வது நல்லது.

மருதாணிக்கு ஒரே நிறம்தான்

மருதாணிச் செடியின் தாவரவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ். அதன் இலையில் 'லாசோன்' என்னும் சாயப் பொருள் சிறிதளவு இருக்கிறது. இலையை அரைத்து ஈரத்தோடு வைக்கும்போது இந்த லாசோன் வெளிப்பட்டு, நம் தோல், நகம், முடி ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதத்துடன் பிணைந்துகொள்கிறது. அதனால்தான் கழுவினாலும் போவதில்லை. கையில் இருந்து எடுத்தவுடன் வெளிர் ஆரஞ்சாகத் தெரியும். ஓரிரு நாளில் காற்றுப் பட்டு அடர்ந்த செம்பழுப்பாக மாறும். தோலின் மேலடுக்கு உதிர உதிர நிறமும் மங்கிவிடும். முடி அப்படி உதிர்வதில்லை என்பதால் அதில் அதிக நாள் தங்கும்.

ஆக, மருதாணி தரக்கூடிய நிறம் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான். ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் விளைந்து, 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற புகழ்பெற்ற சோஜத் மெஹந்தியானாலும் சரி, நம் கொல்லைச் செடியானாலும் சரி, இதில் மாற்றமில்லை. கறுப்பு மருதாணி என்று ஒரு செடி உலகில் எங்கும் கிடையாது.

இதிலிருந்தே ஒரு விஷயம் விளங்கும். நரைத்த புருவத்தில் சுத்தமான மருதாணியை வைத்தால் அது செம்பு நிறமாகத்தான் மாறும். கறுத்த முடிக்கு நடுவே அது எடுப்பாக இராது. எனவே அழகு நிலையத்தில் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ புருவம் வருகிறது என்றால், அதில் மருதாணியைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது அவுரி. நீலச் சாயம் எடுக்கும் இந்தச் செடி திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் பயிராகிறது. மருதாணியோடு அவுரி இலைப் பொடியைக் கலந்தால் பழுப்பு நிறம் வரும். முதலில் மருதாணி வைத்துக் கழுவிவிட்டு, அதன் மேல் அவுரியைப் பூசினால் கறுப்பு வரும். இதற்குப் பொறுமை வேண்டும். அவுரியை நீரில் குழைத்தால் சிறிது நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். வைத்திருந்தால் அதன் வீரியம் போய்விடும். நிறமும் எடுத்தவுடன் முழுதாகத் தெரியாது.

இரண்டாவது வழி சுலபமானது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அது பாரா ஃபினைலீன் டையமீன் என்ற இரசாயனம். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். கடையில் விற்கும் கறுப்புத் தலைச் சாயங்களில் பெரும்பாலானவற்றின் உயிர்நாடி இதுவே. 'கறுப்பு மெஹந்தி' என்று பச்சை இலைப் படம் போட்டு விற்கும் பொட்டலங்கள் பலவற்றிலும் இது உண்டு. 'அம்மோனியா இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அம்மோனியா வேறு, பி.பி.டி. வேறு. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்தால்தான் உண்மை தெரியும். தூள் வடிவச் சாயங்களில் பேரியம் பெராக்சைடு என்ற பெயரும் காணப்பட்டால், அது வெறும் இலைப் பொடி அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

'போன தடவை ஒன்றும் ஆகவில்லையே'

பலரும் சொல்லும் சமாதானம் இது. ஒவ்வாமை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டோம். பி.பி.டி. முதன்முறை தோலில் படும்போது பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இராது. ஆனால் சிலருடைய உடல், அதை எதிரி என்று அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு எப்போது பட்டாலும் உடலின் காவல் படை கிளம்பிவிடுகிறது. உடனே கிளம்புவதும் இல்லை. ஒரு நாள் முதல் மூன்று நாட்கள் வரை கழித்துத்தான் அரிப்பு, சிவப்பு, கொப்புளம், வீக்கம் எல்லாம் தோன்றும். ஒருமுறை ஏற்பட்ட இந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

மாமி பல வருடங்களாகத் தலைக்குச் சாயம் பூசி வந்தவர். சமீப காலமாகச் சாயம் பூசிய மறுநாள் காதோரம் லேசாக அரிக்கும் என்பதையும், அதை வெயிலின் மேல் போட்டுவிட்டதையும் பிறகுதான் சொன்னார். உடல் முன்கூட்டியே மணி அடித்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

விளைவு சாயத்தோடு முடிவதும் இல்லை. பி.பி.டி.க்கு ஒவ்வாமை வந்தவர்களில் சிலருக்கு அதை ஒத்த அமைப்புள்ள வேறு பொருள்களும் ஒத்துக்கொள்ளாமல் போகும். சில அடர்நிறத் துணிச் சாயங்கள், பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்து போன்றவை இதில் அடங்கும். விளையாட்டாகக் குழந்தைகளின் கையில் கறுப்பு மெஹந்தியால் படம் வரைவது எவ்வளவு தவறு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். இன்று கையில் வரைந்த தேள், பதினைந்து வருடம் கழித்துத் தலையில் கொட்டலாம்.

புருவத்துக்கு மட்டும் ஏன் தனி எச்சரிக்கை?

உடலிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையில்தான் இருக்கிறது. புருவத்தில் வைத்தது வியர்வையோடும் கழுவும் நீரோடும் கண்ணுக்குள் இறங்க அதிக நேரம் ஆகாது. வீங்கினால் முதலில் மூடிக்கொள்வதும் கண்தான்.

இந்தப் பாடத்தை உலகம் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. அமெரிக்காவில் 1930-களில் 'லாஷ் லூர்' என்ற பெயரில் இமைக்கும் புருவத்துக்கும் ஒரு சாயம் விற்கப்பட்டது. பி.பி.டி. வகைச் சாயமான அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலர் பார்வையை இழந்தனர். ஒருவர் உயிரையே இழந்தார். அழகுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அப்போது அந்நாட்டு அரசுக்கு இல்லை. 1938-இல் புதிய சட்டம் வருவதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணமாயிற்று. இன்றும் அந்நாட்டு விதிகளின்படி மருதாணியைத் தலைமுடிக்கு மட்டுமே சாயமாகப் பயன்படுத்தலாம். புருவத்துக்கும் இமைக்கும் கூடாது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. பி.பி.டி. கலந்த தலைச் சாயத்தின் மேல், 'இதைப் புருவத்துக்கோ இமைக்கோ பயன்படுத்தக் கூடாது. பார்வை போகக்கூடும்' என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 1945-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் விதிகளே சொல்லின. 2020-இல் வந்த அழகுப் பொருள் விதிகளிலும் அது தொடர்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் சாயப் பொட்டலம் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும். மூக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

அப்படியும் வைத்துக்கொள்ள விரும்பினால்

வீட்டு விசேஷம், நரை கண்ணை உறுத்துகிறது என்பதெல்லாம் புரியாத விஷயங்கள் அல்ல. அப்படிப்பட்டவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்.

1. அழகு நிலையத்தில் கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவருவதை அப்படியே ஏற்க வேண்டாம். பொட்டலத்தைக் காட்டச் சொல்லுங்கள். சேர்மானம் அச்சிடாத பொட்டலமானாலும், காட்ட மறுத்தாலும், நூல் வேலையோடு எழுந்து வந்துவிடுங்கள்.

2. பொடியின் நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். மருதாணிப் பொடி காய்ந்த இலையின் பழுப்புப் பச்சையாக, வைக்கோல் வாசனையோடு இருக்கும். பொடியே கறுப்பாக இருந்தாலும், குழைத்த சில நிமிடங்களில் கறுத்துவிட்டாலும் சந்தேகப்படுங்கள். கண்ணைப் பறிக்கும் பச்சையும் நல்லதல்ல, சாயம் கலப்பதுண்டு.

3. கால் மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் என்றால் அது இலையின் வேலை அல்ல.

4. முன்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ சிறு புள்ளி அளவு வைத்துச் சோதித்துப் பாருங்கள். பொட்டலத்தில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இரண்டு முழு நாட்கள் பொறுப்பது மேல். ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே இதைச் செய்துவிடுங்கள். முன்பு எந்தச் சாயத்துக்காவது அரிப்போ வீக்கமோ வந்தவர்கள் சோதனையும் செய்ய வேண்டாம், சாயமே வேண்டாம்.

5. நூலால் முடி எடுத்த அன்றே சாயம் வைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிறு காயங்கள் ஆற இரண்டு நாள் இடைவெளி கொடுங்கள்.

6. இமை முடியில் எதையும் வைக்கவே வேண்டாம்.

சுத்தமான இலையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அது அபூர்வம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, மருதாணியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதுண்டு. குழந்தைக்கு மருதாணி வைக்கும் ஆசையைச் சில வருடங்கள் ஒத்திப்போடுவதில் நஷ்டமில்லை.

புருவம் மெலிகிறதா?

சாயம் தேடிப் போகும் பலருக்கு நரையைவிட, புருவம் மெலிந்துவிட்டதே என்ற கவலைதான் அதிகம். அடர்த்தி குறைந்த இடத்தில் தோலுக்கு நிறம் ஏற்றி ஒப்பேற்றுகிறார்கள். ஆனால் புருவம் உதிர்வது சில சமயம் உள்ளே இருக்கும் நோயின் அறிகுறி. குறிப்பாகப் புருவத்தின் வெளிக்கோடி உதிர்வதோடு, களைப்பு, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை ஆகியவையும் இருந்தால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். தோல் நோய்கள் சிலவற்றிலும் இப்படி உதிரும். சாயத்தால் மூடிவிட்டால் நோய் மறைந்திருந்து வளரும். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால்

எரிச்சல் தெரிந்தவுடன் நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணுக்குள் போயிருந்தால் குறைந்தது கால் மணி நேரம் சுத்தமான நீரால் அலசிவிட்டு, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ, உதடு, நாக்கு வீக்கமோ இருந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும். வீட்டில் கிடக்கும் களிம்பைக் கண்ணருகே தடவ வேண்டாம். சாயப் பொட்டலத்தை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். வீக்கம் வடிந்த பின், தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொண்டால் எந்தப் பொருள் ஆகவில்லை என்பது தெரிந்துவிடும்.

மாமிக்குக் கண் நல்லபடியாகிவிட்டது. முதுகில் ஒட்டிப் பார்த்ததில் பி.பி.டி.தான் என்று உறுதியாயிற்று. இப்போது தலைக்கும் சாயம் இல்லை. வெள்ளி முடி அவருக்கு நன்றாகவே இருக்கிறது. புருவத்துக்கு மட்டும் விசேஷ நாட்களில் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்து, இரவில் துடைத்துவிடுகிறார். ஆடியில் கைக்கு மருதாணி வைத்துக்கொள்வதை அவர் விடவில்லை. ஆர்.கே. புரத்தில் தெரிந்தவர் வீட்டுச் செடியிலிருந்து இலை பறித்து வந்து, தாமே அரைத்து வைத்துக்கொள்கிறார். போன ஆடியிலும் நன்றாகச் சிவந்திருந்தது.