ஓர் எம்.பி.யின் உண்ணாவிரதம்: யாருடைய பணம் நின்றது?

2025 ஆகஸ்ட் 29 அன்று திருவள்ளூர் எம்.பி. சசிகாந்த் செந்தில் உண்ணாவிரதம் தொடங்கினார். தமிழகப் பள்ளிக் கல்விக்கு 2024-25ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு தராமல் நிறுத்திய சுமார் 2,152 கோடி ரூபாயை விடுவிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. உடல்நிலை பாதித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகும் போராட்டத்தைத் தொடர்ந்தார். சில நாட்களில் முடித்துக்கொண்டார்.

யார் இவர்?

கர்நாடகத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். ஜனநாயகத்தின் அடிப்படைகள் சிதைக்கப்படும் காலத்தில் அரசு அதிகாரியாக நீடிப்பது அறமல்ல என்று சொல்லி, 2019 செப்டம்பரில் தட்சிண கன்னட மாவட்ட ஆட்சியர் பதவியை உதறினார். 2020இல் காங்கிரஸில் சேர்ந்தார். 2024 மக்களவைத் தேர்தலில் திருவள்ளூர் தனித் தொகுதியில் 5.72 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

பணம் ஏன் நின்றது?

‘சமக்ர சிக்ஷா’ எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் 2018இல் வந்தது. செலவில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. இந்தப் பணத்தை ஒன்றிய அரசு தன் இன்னொரு திட்டமான ‘பி.எம். ஸ்ரீ’ பள்ளித் திட்டத்தோடு முடிச்சுப் போட்டது. அதன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாக 2024 மார்ச்சில் தமிழகம் கடிதம் எழுதியது. ஆனால் ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டும் என்ற பத்தி இருந்தது. அதை நீக்கிவிட்டுக் கையெழுத்திடத் தமிழகம் முன்வந்தது, டெல்லி ஏற்கவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்வாங்கியது தமிழகம் என்றது ஒன்றிய அரசு. தேசியக் கல்விக் கொள்கையில் உள்ள மும்மொழிக் கொள்கையை நிதிக்கு நிபந்தனையாக்க முடியாது என்றது மாநில அரசு. 2025 மே மாதம் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பாதிப்பு யாருக்கு?

பணம் நின்றதால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்படவில்லை. நிரந்தர ஆசிரியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. அதனால்தான் இந்த இழப்பு பலர் கண்ணில் படுவதில்லை. வகுப்பறைக்குள் வரமுடியாத பிள்ளைகளைத் தேடிப் போகும் பணம் இது.

இத்திட்டத்தின் கீழ் வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவரும் சிறப்புப் பயிற்றுநரும் நடக்க முடியாத குழந்தையின் வீட்டுக்கே செல்கிறார்கள். விறைத்த காலை நீட்டி மடக்கப் பயிற்சி தருகிறார்கள். கரண்டி பிடிக்கவும் எழுத்து அறியவும் பழக்குகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். மழை தொடங்குமுன் ஊர் திரும்பும் அந்தப் பிள்ளைகள் அங்கே விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதற்காகச் சூளைக்கு அருகிலேயே ஒடியா மொழியில் பாடம் நடத்தப்படுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடங்களும் சிக்கின. அவற்றுக்கான ஒன்றிய அரசின் பங்கு வராததால், 2025-26 கல்வியாண்டுக்கான சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அந்தப் பங்கு மட்டும் பிறகு விடுவிக்கப்பட்டது.

எம்.பி. நிதியில் சமாளிக்க முடியாதா?

முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதைக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பகிர வேண்டும். கட்டடம் கட்டலாம், மாதச் சம்பளம் தர அதில் வழியில்லை. சூளைப் பள்ளிக்குக் கூரை போடலாம், ஆசிரியரை அமர்த்த முடியாது. ஆகவே கேட்டு வாங்குவதுதான் ஓர் எம்.பி.க்கு உள்ள வழி.

தீர்வு என்ன?

2025 மார்ச்சில் திக்விஜய சிங் தலைமையிலான கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததற்காக சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்துவது நியாயமல்ல என்றது. சரியான நிலைப்பாடு அதுவே. மொழிக் கொள்கை குறித்து இரு அரசுகளும் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வாதாடலாம். ஆறு வயதில் எழுத்து அறிய வேண்டிய பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடையாது. இரு திட்டங்களையும் பிரித்து, பிள்ளைகளுக்கான பணத்தை நிபந்தனையின்றித் தருவதே ஒன்றிய அரசின் கடமை.