கதவு இடுக்கில் சாரல், பாம்பு! மழைக்கு முன்பே அடைப்பது எப்படி?

தஞ்சாவூர்:

ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்தால் டெல்டா மக்களுக்கு வயலைப் பற்றி ஒரு கவலை, வீட்டைப் பற்றி ஒரு கவலை. கதவு இடுக்கில் வாடைக்காற்று அடிக்கும். ஜன்னல் சாரலில் பாய் நனையும். "காத்துதானே, வந்துட்டு போகுது" என்று விட்டுவிடக் கூடாது.

விரல் கனம் போதும்

வயலில் தண்ணீர் ஏறினால் எலியும் தவளையும் மேட்டுக்கு வரும். அதைத் தேடி பாம்பும் வரும். ராத்திரியில் திரியும் கட்டுவிரியன், தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. பல் தடமும் சரியாக இருக்காது. குட்டிப் பாம்பு நுழைய விரல் கனம் இடுக்கு போதும். கடித்துவிட்டால் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

சைக்கிள் டியூப் கைகொடுக்கும்

பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து பட்டையாக வெட்டுங்கள். கதவின் அடியில், தரையை உரசுகிற மாதிரி வைத்து, மேலே மெல்லிய மரச்சட்டம் கொடுத்து ஆணி அடித்தால் இடுக்கு மூடிவிடும். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விரிசல் இருந்தால் சிமெண்ட் பூச்சு. மரத்தில் ஓட்டை இருந்தால் மரத்தூளை பெவிகாலில் குழைத்து அடைக்கலாம். ஜன்னல் கண்ணாடி ஓரத்துக்கு சிலிக்கான் பசை.

மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், கதவு பிடிக்கும். அதற்காக உடனே இழைத்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் மரம் சுருங்கி இடுக்கு இன்னும் பெரிசாகிவிடும். மாசி, பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம்.

கஜா சொன்ன பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைகளைச் சாய்த்து, கூரைகளைப் பிய்த்து எறிந்தது. திறந்த ஜன்னலில் காற்று புகுந்தால் உள்ளே இருந்து கூரையை மேலே தள்ளும். வெளியே வீசும் காற்று மேலே இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஓடும் தகரமும் தாங்காது. எனவே கீல், தாழ்ப்பாளை முன்கூட்டியே சரி பாருங்கள். புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கினாலும் கதவைத் திறக்கவேண்டாம். அடுத்து எதிர்த்திசையில் அடிக்கும். குடிசை, ஓட்டு வீட்டுக்காரர்கள் இடுக்கை அடைத்தாச்சு என்று நம்பி இருக்காமல் நிவாரண முகாமுக்குப் போய்விடுவதே நல்லது.

அடுப்படி உஷார்!

எல்லா வழியையும் அடைத்துவிடக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிட கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். அடுப்படிக் கதவின் அடியை அடைத்தால் அது வெளியேற வழியில்லை. அங்கே ரப்பருக்குப் பதில் நெருக்கமான கம்பி வலை அடியுங்கள்.

குளிருக்காக மூடிய அறையில் கரி நெருப்பு வைப்பதும், கரண்ட் இல்லை என்று வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவதும் உயிருக்கே ஆபத்து. அதில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சாரல் வராத பக்கம் மேலே ஒரு வெண்டிலேட்டரையாவது திறந்து வையுங்கள்.