பிள்ளைகள் ஏன் பொய் சொல்கிறார்கள்?

நாலு தாய்மார்கள் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு விலைவாசியில் ஆரம்பித்தாலும் கடைசியில் பிள்ளைகளிடம்தான் வந்து நிற்கும். "எல்லாம் சரிதான், ஆனா வாய் கூசாமப் பொய் சொல்றான். இந்த வயசிலேயே இப்படின்னா, பெரியவனானா என்ன ஆவானோ!" என்று ஒருத்தி கண் கலங்குவாள். பிள்ளைக்கு வயது என்ன என்று கேட்டால், மூன்றரை!

இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். அக்கா, தங்கை வீட்டுக் குழந்தைகள் நாலைந்து பேர் என் கண் முன்னால் வளர்ந்து ஆளானதையும் பார்த்திருக்கிறேன். மூன்று வயதுப் பொய் வேறு, ஏழு வயதுப் பொய் வேறு, பதினைந்து வயதுப் பொய் வேறு. மூன்றுக்கும் ஒரே கஷாயத்தைப் புகட்டினால் எதுவும் குணமாகாது. குழந்தை மனத்தை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

முதல் பொய்

"நம்ம மொட்டை மாடிக்கு யானை வந்துச்சு" என்று இரண்டரை வயதுக் குழந்தை சொல்கிறது. தம்ளர் நிறையப் பால் அப்படியே இருக்க, "குடிச்சிட்டேன்" என்கிறது. இதில் கள்ளம் ஒன்றும் கிடையாது. அந்த வயதில் ஆசையும் நிஜமும் இன்னும் சரியாகப் பிரிந்திருப்பதில்லை.

கனடா நாட்டில், டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காங் லீ என்ற பேராசிரியர் குழந்தைகளை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார். குழந்தையைத் திரும்பி உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பொருளை ஒளித்து, "நான் வெளியே போய் வருகிறேன், திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மறைத்து வைத்த காமிரா எல்லாவற்றையும் படம் பிடிக்கும். பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்துவிடும். யாருக்குத்தான் ஆசை இருக்காது! பிறகு "பார்த்தாயா?" என்று கேட்டால், பார்த்த குழந்தைகளில் 2 வயதில் 30 சதவிகிதம் 'இல்லை' என்றன. 3 வயதில் பாதிப் பேர். 4 வயதில் 80 சதவிகிதத்துக்கும் மேல்!

பயந்துவிடாதீர்கள். பொய் சொல்ல ஒரு பெரிய விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: 'என் மனசில் இருப்பது அம்மா மனசுக்குத் தெரியாது.' இது பிறந்தவுடன் வரும் அறிவு இல்லை. 1983-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த விம்மர், பெர்னர் என்ற இருவர் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த பையன் எங்கே தேடுவான்? 3 வயதுக் குழந்தைகள் புது அலமாரியைத்தான் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைப்பு! நாலு வயதுக்கு மேல்தான் மெல்ல மெல்லச் சரியான பதில் வருகிறது.

ஆக, குழந்தையின் முதல் பொய், அதன் மனம் வளர்கிறது என்பதற்கு ஓர் அடையாளம். முதல் பல் மாதிரிதான். அந்தப் பல்லால் கடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

இந்த வயதில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். கையில் கலர் பென்சிலோடு நிற்கிற குழந்தையிடம் "சுவர்ல கிறுக்கினது யாரு?" என்று உருட்டி விழித்தால், அது என்ன செய்யும்? 'நான் இல்லை' என்ற பதிலை நாமே பிடுங்குகிறோம். "சுவர்ல கிறுக்கிட்டியா கண்ணு, வா, துணி எடு, ரெண்டு பேரும் துடைக்கலாம்" என்றால் பொய்க்கு இடமே இல்லை.

பிரம்பு கற்றுக் கொடுப்பது

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வரும் பொய் பெரும்பாலும் பயத்தில் பிறப்பது. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் இதே 'திரும்பிப் பார்க்காதே' விளையாட்டை நடத்தி, 2011-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் தொட்டதற்கெல்லாம் பிரம்படி, கிள்ளு, அறை. இன்னொன்றில் அடி கிடையாது, கண்டிப்பு மட்டும். அடிக்கிற பள்ளியின் பிள்ளைகள்தான் அதிகமாகப் பொய் சொன்னார்கள். அதோடு, துருவித் துருவிக் கேட்டாலும் மாட்டிக்கொள்ளாமல் சமாளித்தார்கள். பிரம்பு அவர்களுக்கு உண்மையைக் கற்றுத் தரவில்லை, சாமர்த்தியத்தைக் கற்றுத் தந்திருந்தது!

நம் நாட்டில் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. வீட்டில் இருக்கும் கரண்டிக்கும் விசிறிக் காம்புக்கும் நாமேதான் தடை போட வேண்டும்.

என் மாமியார் அதிகம் படித்தவர் இல்லை. என் பையனுக்கு ஆறு வயது இருக்கும்போது, ஆவக்காய் ஊறுகாய் இருந்த பீங்கான் ஜாடியைப் பந்தால் உடைத்துவிட்டான். சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்து அவர் முதலில் கேட்டது, "கால்ல குத்தலையேடா?" என்றுதான். அடுத்த நிமிஷம் அவனே, "பாட்டி, நான்தான்..." என்று அழுதுவிட்டான். "சரி, நிஜத்தைச் சொன்னே, நல்ல பிள்ளை. அம்மா ஓடு பொறுக்கட்டும், நீ ஈரத்துணி கொண்டு வந்து எண்ணெயைத் துடை" என்றார். அடியும் இல்லை, அதற்காகச் சும்மாவும் விடவில்லை. செய்ததைச் சரி செய்கிற வேலை அவனுக்கு இருந்தது. உண்மை சொன்னதற்கு ஒரு நல்ல வார்த்தையும் கிடைத்தது.

கதையும் நடப்பும்

'புலி வருது, புலி வருது' கதை தெரியாத வீடு உண்டா? பொய் சொன்ன பையனைக் கடைசியில் யாரும் நம்பாமல் போகிற கதை. இதே கதையின் மேல்நாட்டு வடிவத்தையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினாக்கியோ கதையையும், மரத்தை வெட்டியதை அப்பாவிடம் ஒப்புக்கொண்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் கதையையும் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், பயமுறுத்துகிற கதைகள் இரண்டும் பலன் தரவில்லை. உண்மையைச் சொன்னவனைப் பெருமைப்படுத்துகிற வாஷிங்டன் கதையைக் கேட்டவர்கள்தான் அதிகமாக உண்மை சொன்னார்கள். சிறுவன் காந்தி மனத்தைத் தொட்டதும் அரிச்சந்திரன் நாடகம்தானே!

கதையைவிடப் பெரிய பாடம் நம் நடத்தை. "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் அரிச்சந்திரன் கதை சொன்னால் எடுபடுமா? "ஊசியே போட மாட்டாங்க" என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போவதும் இதில் சேர்ந்ததுதான். "கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அழுவார்கள், ஆனால் அடுத்த முறையும் நம்மை நம்புவார்கள்.

சாத்திய கதவு

பன்னிரண்டு, பதிமூன்று ஆனதும் அறைக் கதவு சாத்திக்கொள்கிறது. "எங்கே போனே?" "சும்மாதான்." "யாரோட?" "பிரண்ட்ஸோட." அவ்வளவுதான் பதில். இதை எல்லாம் பொய் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். தனக்கென்று ஒரு மூலை வேண்டும் என்று நினைப்பது அந்த வயதின் வளர்ச்சி. பெண்ணின் டைரியைப் படிப்பதும், தூங்கும்போது பையனின் செல்போனைத் துழாவுவதும் பூட்டைப் பெரிதாக்கத்தான் உதவும்.

சுவீடன் நாட்டில் ஸ்டாட்டின், கெர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் கேட்டு, 2000-ம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகள் வெளியே என்ன செய்கிறார்கள் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருந்த பெற்றோருக்கு, அது பெரும்பாலும் எப்படித் தெரிந்தது? உளவு பார்த்தோ, கட்டுக்காவல் போட்டோ இல்லை. பிள்ளைகளே வலிய வந்து சொன்னதால்!

யோசித்துப் பாருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம், அது மனசு வைத்துச் சொல்வதுதான். சொல்லும் பழக்கம் ஒரே நாளில் வராது. ஜாடி உடைந்த அன்று என்ன நடந்தது, மார்க் குறைந்த அன்று என்ன நடந்தது என்றெல்லாம் பிள்ளை மனசில் கணக்கு எழுதி வைத்திருக்கிறது.

காந்திஜி 15 வயதில், அண்ணனின் கடனை அடைக்க அவருடைய தங்கக் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடினார். மனம் பொறுக்காமல், குற்றத்தையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயாய்ப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை படித்தார், கண்ணீர் வழிந்தது, காகிதத்தைக் கிழித்துப் போட்டார். கோபமாக ஒரு சொல் இல்லை. அந்தக் கண்ணீரைச் சத்திய சோதனையில் மகன் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

கவலைப்பட வேண்டிய மறைப்பும் உண்டு. பணம் காணாமல் போவது, பள்ளிக்குப் போக மறுப்பது, தூக்கமும் சாப்பாடும் திடீரென்று குறைவது, 'வீட்ல சொல்லாதே' என்று யாரோ மிரட்டி வைத்திருப்பது போன்றவற்றை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். பொறுமையாகப் பேசிப் பாருங்கள். மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கம் வேண்டாம். பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

வயசுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரு வாக்கு இருக்கட்டும் சகோதரிகளே. "எந்த நேரமானாலும், என்ன தப்பு நடந்திருந்தாலும் எனக்குப் போன் பண்ணு. முதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன், பேச்சு மறுநாள்" என்று சொல்லி வையுங்கள். அப்படி ஒரு போன் வந்தால், அன்று ராத்திரி வாயைத் திறக்காமல் சோறு போட்டுத் தூங்க வையுங்கள். அந்த ஒரு ராத்திரி பொறுத்துக்கொண்டால், பிள்ளை அடுத்த முறையும் நம்மிடம்தான் வரும்.