முன்னேற்பாட்டின் அருமை

கோடை பிறந்துவிட்டால் எங்கள் அன்னையாருக்கு ஓய்வு இராது. காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. சித்திரை வெயிலில் வடாமும் வற்றலும் காய்ந்து டின்களில் ஏறும். ஆண்டு முழுமைக்கும் வேண்டிய புளி, கொட்டை நீக்கி உப்பிட்டு ஜாடியில் அடைபடும். ஐப்பசி மழை தொடங்குமுன் உலர்ந்த விறகு பரணேறிவிடும். "மழையில் நனைந்துகொண்டா விறகு தேடுவது?" என்பார். எத்தகைய அடைமழையிலும் அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாளை நாங்கள் கண்டதில்லை.

அத்தகைய அன்னையாரின் மக்களாகிய நாங்கள், தில்லியில் குடியேறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவரிடம் அந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலையை, நம் சங்கக் குடும்பங்களுள் ஒன்றேனும் இனிக் கொடாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே கூறுகிறோம்.

2014-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஓர் இரவு, பதினொன்றரை மணிக்கு ஊரிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உடனே புறப்பட்டு வாருங்கள், அண்ணா" என்றான். விடியற்காலை விமானத்தில் இடம் கிடைத்தது. ஆயினும், அடையாள அட்டை எங்கே? பீரோவில். பீரோவின் சாவி எங்கே? ஒருவருக்கும் தெரியவில்லை. கையில் ரொக்கம் இல்லை. பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று அதற்குமுன் நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. சாவி அகப்பட்டபோது கிழக்கு வெளுத்துவிட்டது. விமானம் எங்களை விட்டுப் போயிற்று.

நண்பகல் விமானத்தில் ஏறிச் சென்னையில் இறங்கி, அங்கிருந்து காரில் ஊரை அடைந்தபோது இரவாகிவிட்டது. மாலை ஆறு மணிக்கே அன்னையார் காலமாகியிருந்தார். ஐந்து மணி வரை நினைவோடு இருந்து, "வந்துவிட்டார்களா?" என்று இருமுறை கேட்டாராம்.

காரியங்கள் முடிந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அடியில், வெள்ளைத் துணியில் முடிந்த பணம். தம் இறுதிச் செலவுக்கென அவரே சிறுகச் சிறுகச் சேர்த்தது. எங்களுக்குச் சுமை வைக்காமல் போவதற்கு அவர் ஆயத்தமாக இருந்தார். அவரைப் போய்க் காண்பதற்கு நாங்கள் ஆயத்தமாக இல்லை.

முன்னேற்பாடு என்பது, வரப்போகும் தீமையை எண்ணி அஞ்சிக் கிடத்தல் என்று கருதுவோர் உளர். அது தவறு. நெருக்கடி நேரத்தில் மனத்துக்கு உரிய வேலை வேறு. சாவி தேடுவது அதன் வேலையன்று. சிறு செயல்களை முன்னமே முடித்து வைத்தால், உரிய நாளில் மனம் பெரிய செயலுக்கு மட்டும் தன்னை ஒப்படைக்கும். திருக்குறளின் 47-ஆம் அதிகாரம் 'தெரிந்து செயல்வகை'. அதனை அடுத்து 'வலியறிதல்', 'காலமறிதல்', 'இடனறிதல்' என மூன்று அதிகாரங்கள் வருகின்றன. செயலுக்கு முன் அறிய வேண்டியவை எத்தனை என்பதற்கு இந்த வரிசையே சான்று.

இப்போது எங்கள் வீட்டு வாயிலறை அலமாரியில் ஒரு சிறு பை உண்டு. அடையாள அட்டைகள், அவற்றின் நகல்கள், ஒரு பயணத்துக்குப் போதிய ரொக்கம், பெரியோர் உண்ணும் மருந்துகளின் பட்டியல், காகிதத்தில் எழுதிய தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இருக்கும். வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டு அம்மையாரிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் துணை அவர். அவர் பிள்ளைகளுக்குத் துணை நாங்கள். உறவினர் அருகில் இல்லாத ஊரில் அயலாரே உறவினர்.

பண்டிகைப் பயணத்துக்கும் இதே முறைதான். இரயிலில் முன்பதிவுக்கான காலம் 2024 நவம்பர் முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. ஆதலின் பொங்கலுக்கு ஊர் செல்ல விரும்புவோர், தீபாவளிக் களைப்பு தீருமுன்பே நாட்காட்டியில் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2019-இல் தந்தையார் நோயுற்ற செய்தி வந்ததும் நள்ளிரவில்தான். அரைமணி நேரத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்டோம். அவர் கையைப் பற்றிக்கொண்டு மூன்று நாட்கள் அருகில் இருந்தோம். விதியை நாங்கள் வெல்லவில்லை; ஆயினும் அந்த மூன்று நாட்களை இழக்கவுமில்லை.

அன்பர்களே, இந்த இதழை மடித்து வைத்தவுடன் உங்கள் பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.