தங்கம் கிடைத்த குழியும் சரியாத சுவரும்

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டைத் தோண்டியபோது தங்கம் கிடைத்தது என்று கேள்விப்பட்டால் என்ன செய்வீர்கள்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடத் தோன்றும் அல்லவா? ஓடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுவோம். ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு குழி தோண்டினால், அதன் சுவர் எதனால் நிற்கிறது? எப்போது விழுகிறது?

தங்கம் கிடைத்தது கதையல்ல. விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. அதையடுத்த விஜயகரிசல்குளத்து மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. 2023, 2024 ஆம் ஆண்டுகளிலும் பணி தொடர்ந்தது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், தந்தத்தாலான பகடை ஆகியவற்றோடு சிறு தங்கப் பொருள்களும் வெளிப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தங்கம் அந்த மண்ணில் விளைந்தது அன்று. பாறைப் பிளவுகளில் படிந்த தங்கத் தாது வேறு. என்றோ வாழ்ந்த மனிதர் அணிந்து, தவறவிட்ட தங்கம் வேறு. வெம்பக்கோட்டைத் தங்கம் இரண்டாவது வகை. ஆகவே பக்கத்து வயலைத் தோண்டினால் தங்கம் வரும் என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

கரிசல் செய்யும் மாயம்

விஜயகரிசல்குளம் என்ற பெயரிலேயே கரிசல் இருக்கிறது. விருதுநகர், சாத்தூர் வட்டாரத்து மாணவர்களுக்கு இந்த மண்ணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்.

இதற்குக் காரணம் என்ன? கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. இதன் நுண்ணிய துகள்கள் புத்தகத்தின் தாள்களைப்போல அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு இடையே புகுந்தால் மண் உப்பும். தண்ணீர் வெளியேறினால் சுருங்கி வெடிக்கும். சில இடங்களில் இந்த வெடிப்பு ஒரு மீட்டருக்கும் மேலான ஆழத்துக்குப் போகும்.

சற்றே ஈரமான கரிசலில் குழி தோண்டினால் சுவர் கத்தியால் வெட்டியதுபோலச் செங்குத்தாக நிற்கும். அதைப் பார்த்து, "நல்ல கெட்டி மண்" என்று நம்பிவிடுகிறோம். ஆனால் வெயிலில் சுவர் காய்கிறது. விளிம்புக்குச் சற்று உள்ளே, தரையில் மெல்லிய கோடாக வெடிப்பு ஓடுகிறது. அந்த வெடிப்புக்கும் குழிக்கும் நடுவே நிற்பது இனி சுவரன்று. பிடிமானம் இழந்த ஒரு பாளம். ஒரு மழை பெய்து வெடிப்பில் நீர் இறங்கினால் போதும். பாளம் பெயர்ந்து விழும்.

எடை எவ்வளவு?

ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு டன் எடை இருக்கும். 2 மீட்டர் உயரம், 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் கனம் உள்ள ஒரு பாளம் சரிந்தால் என்ன ஆகும்? பெருக்கிப் பாருங்கள்: 2 கன மீட்டர். அதாவது 3 டன்னுக்குக் குறையாத எடை. உள்ளே நிற்பவர் கையால் தடுக்கக்கூடியதா அது?

தலை வெளியே தெரிந்தாலும் ஆபத்து நீங்கிவிடாது. மார்பு வரை மண்ணில் புதைந்தவர் ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் மார்பு சற்றுச் சுருங்கும். அந்த இடைவெளியில் மண் இறங்கி நெருக்கும். அடுத்த மூச்சை இழுக்க மார்பு விரிய இடமிருக்காது.

இன்னொரு கணக்கு. ஆழம் கூடக் கூட மண்ணின் அழுத்தம் கூடுகிறது. குழியின் ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் சராசரி அழுத்தம் இரண்டு மடங்காகும். அழுத்தம் படும் சுவரின் பரப்பும் இரண்டு மடங்காகும். எனவே சுவரை உள்ளே தள்ளும் விசை நான்கு மடங்காகிறது! "இன்னும் கொஞ்சம்தானே" என்று தோண்டுகிறவர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடித் தம்ளரில் உலர்ந்த மணலை நிரப்பித் தட்டில் கவிழுங்கள். மணல் சரிந்து கூம்பாக நிற்கும். அதன் சரிவைக் கோணமானியால் அளந்தால் 30 முதல் 35 பாகைக்குள் இருக்கும். இதுவே இயல்பு சாய்கோணம்.

இப்போது மணலைச் சிறிது ஈரமாக்கி மறுபடியும் கவிழுங்கள். தம்ளரின் வடிவிலேயே செங்குத்தாக நிற்கிறது! மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் விளிம்பில் ஒரு சிறு கல்லை வையுங்கள், ஓரம் உடையும். பிறகு மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள், முழுதும் சரியும். தோண்டிய மண்ணைக் குழியின் ஓரத்திலேயே குவிப்பவர்களும், மழைக்குப் பின் பார்க்காமல் இறங்குபவர்களும் இந்தச் சோதனையைத்தான் தங்கள் உயிரைக்கொண்டு செய்கிறார்கள்.

அறிந்தவர்கள் எப்படித் தோண்டுகிறார்கள்?

அகழாய்வுத் தளத்தில் கிணறு போன்ற ஒடுக்கமான பள்ளத்தைக் காணமாட்டீர்கள். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, அகன்ற குழிகளாக வெட்டுவார்கள். குழிகளுக்கு நடுவே வெட்டாத மண் வரப்பை விட்டுவைப்பார்கள். எந்த அடுக்கில் எந்தப் பொருள் கிடைத்தது என்பதை அந்த வரப்பின் பக்கவாட்டில் படிக்கலாம். சிறு கொத்தும் கரண்டியும் தூரிகையும் கொண்டு மெல்ல மெல்லக் கீழே போவார்கள். ஏறி இறங்கப் படி விடுவார்கள். பொருளைக் காக்கும் இதே பொறுமை ஆளையும் காக்கிறது.

கட்டட வேலைக்கும் விதி உண்டு. மண்ணில் 1.5 மீட்டருக்கு மேல் ஆழமாகும் பள்ளங்களுக்குப் பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதிமுறை சொல்கிறது. இடம் இருந்தால் சுவரைச் சாய்வாகவோ படிப்படியாகவோ வெட்டலாம். தோண்டிய மண்ணைக் குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிக் கொட்டுவதும், ஏணி வைப்பதும், மேலே ஓர் ஆளை நிறுத்துவதும் அவசியம்.

சிவகாசி மாணவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பட்டாசு ஆலையில் ஓர் அறையில் இருக்கவேண்டிய ஆட்களுக்கும் மருந்துக்கும் வரம்பு உண்டு. ஏன்? விபத்து வராது என்று நம்புவதல்ல பாதுகாப்பு. வந்தாலும் இழப்பு குறைவாக இருக்கும்படி முன்கூட்டியே அமைப்பதுதான் பாதுகாப்பு. மண் சுவரும் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும் ஒரு வெடிதான். அதற்குத் திரி மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தங்கத்தைத் தேடிப் போனவர்கள்

நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் பாறைப் பிளவுகளில் தங்கம் உண்டு. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் கம்பெனிகள் அங்கே பெரும் பணத்தைக் கொட்டின. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை நொடித்துப் போயின. அவர்கள் விட்டுச் சென்ற சுரங்கங்களில் பின்னர் அனுமதியின்றி நுழைந்து, மண் சரிந்து இறந்தவர்கள் உண்டு.

தமிழர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்க வயலில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. அவ்வளவு ஆழத்தில் பாறையே அழுத்தம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். பொறியாளர்களும் கருவிகளும் இருந்தும் பல தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி அந்தச் சுரங்கம் மூடப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

நெடுநாள் பயன்படாத கிணற்றில் இன்னோர் அபாயமும் உண்டு. இலை தழைகள் மக்கும்போது ஆக்சிஜன் குறைகிறது. கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனமானது, அடியில் தங்கிவிடும். முன்பு விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் விளக்கு அணையும் என்பது மெய்தான். ஆனால் நச்சு வாயு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். எரியும் வாயு இருந்தால் விளக்கே தீ வைத்துவிடும். எனவே இன்று வாயு அளக்கும் கருவியையே நம்ப வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள். இறங்குபவர் இரண்டாவது பலியாவார். 101 அல்லது 112க்குத் தகவல் சொல்லுங்கள்.

குறுகிய குழியும் கொடியதே. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் குழி தோண்டி மீட்க முயன்றார்கள்; கடும்பாறை குறுக்கிட்டது. தீபாவளி நாளும் அந்த முயற்சியிலேயே கழிந்தது. குழந்தையை உயிருடன் மீட்க முடியவில்லை. அந்தத் துளைக்கு ஒரு மூடி போட்டிருந்தால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது

மேட்டில் பழம்பொருள் தென்பட்டால் தோண்டாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள்.

இந்த வாரம் உங்கள் தெருவிலோ பள்ளிக்குப் போகும் வழியிலோ ஏதேனும் ஒரு குழி வெட்டிக்கொண்டிருப்பார்கள். விளிம்பிலிருந்து தள்ளி நின்றே பாருங்கள். மண் குவியல் எங்கே இருக்கிறது? தரையில் வெடிப்பு ஓடுகிறதா? ஏணி உண்டா? மேலே ஆள் நிற்கிறாரா? வேலை முடிந்த பின் மூடினார்களா, வேலி கட்டினார்களா? ஒரு கேள்விக்காவது விடை தவறாக இருந்தால் அங்குள்ள பெரியவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஏன் என்று அவர் கேட்டால் தம்ளரையும் மணலையும் எடுத்துக் காட்டுங்கள்.